நாடு கடக்கும் நெடுஞ்சாலைப் பயணத்தை முழுக்கப் படச்சுருளில் எடுக்க ஆலோசனை தேவை

மைல்கல் (கேள்வி)

வணக்கம். நாட்டின் ஒரு கரையில் புறப்பட்டு மறுகரையில் முடியும் நீண்ட கார்ப் பயணம் ஒன்றுக்கு நானும் என் தங்கையும் ஆயத்தமாகி வருகிறோம். வண்டி ஓட்டுவதை இருவரும் பகிர்ந்துகொள்வோம். படமெடுப்பது நான் மட்டும்தான். கடற்கரை, சமவெளி, பாலைநிலம், பனி படிந்த கணவாய் என நிலமும் ஒளியும் நாளுக்கு நாள் மாறிக்கொண்டே இருக்கும். இப்பயணத்தை முழுவதும் படச்சுருளிலேயே எடுப்பதென்று முடிவு செய்துவிட்டேன். ஆகையால், துணைக்கு ஒரு டிஜிட்டல் கேமராவையும் எடுத்துச் செல்லுங்கள் என்ற அறிவுரையை மட்டும் அன்புகூர்ந்து தவிர்த்துவிடுங்கள்.

என்னிடம் இருப்பது ஒரு நிக்கான் எஃப்எம்2. அதனுடன் 28 மி.மீ., 50 மி.மீ. லென்ஸ்கள் இரண்டு. நண்பர் ஒருவர் தம்முடைய மாமியா ஆர்பி67 கேமராவை இரவல் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அதன் எடையை நினைத்தால் தயக்கமாகவும், அதன் நெகட்டிவின் அளவை நினைத்தால் ஆசையாகவும் இருக்கிறது.

எத்தனை சுருள் எடுத்துச் செல்வது, ஒரே வகைச் சுருளா அல்லது பல வகையா, ஓடும் காரிலிருந்து எடுக்கும் படங்கள் உருப்படியாக வருமா என்பவைதான் என் கேள்விகள். பாலைநிலப் பகுதியில் காரின் உட்புறம் கொதிக்கும் என்பதால், சுருள்களை எங்கே வைப்பது என்பதும் கவலையாக இருக்கிறது.

---

இருட்டறை

முதலில் சுருளின் வகையைப் பார்ப்போம், ஏனெனில் மற்றவை பெரும்பாலும் அதைத் தொடர்ந்தே அமையும். என் கருத்தில் ஐஎஸ்ஓ (சுருளின் ஒளி உணர்திறனைக் குறிக்கும் எண்) 400 உள்ள வண்ண நெகட்டிவ் சுருள் வகை ஒன்றை மட்டும் தேர்ந்துகொண்டு பயணம் முழுவதையும் அதிலேயே எடுத்துவிடுவது நல்லது. கோடாக் போர்ட்ரா 400 இதற்குப் பொருத்தமானது. நன்கு வெயிலடிக்கும் நேரத்தில் லென்சின் துளையை எஃப் 16-இல் (எஃப் எண் கூடக் கூடத் துளை சிறுக்கும்) வைத்து, ஐஎஸ்ஓ எண்ணுக்கு நிகரான ஷட்டர் வேகத்தைக் கொடுத்தால் போதும் என்ற பழைய கணக்கின்படி, உங்கள் கேமராவில் 1/400-க்கு மிக அருகிலுள்ள 1/500 விநாடி வரும்; மாலை நிழலிலோ உணவகத்தின் சன்னலோரத்திலோ அதே சுருள் 1/60 விநாடியில் கையில் பிடித்தே எடுக்க இடம் கொடுக்கும். ஐஎஸ்ஓ 100 சுருளைப் போட்டுவிட்டால், பொழுது சாயும்போது, அதாவது பயணத்தின் மிக அழகிய ஒளி கிடைக்கும் வேளையில், கேமராவை மூடி வைக்க வேண்டியதாகிவிடும்.

வண்ண நெகட்டிவின் இன்னொரு வலிமை அதன் பொறுமை. இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்பது ஒளி இரு மடங்காவது அல்லது பாதியாவது) ஒளி கூடுதலாகப் பட்டாலும் அது அவ்வளவாகக் கலங்காது. ஒளி குறைந்தால்தான் நிழற்பகுதிகள் சேறுபோல மங்கிப்போகும். நேரடியாக நேர்ப்படம் தரும் ஸ்லைடு சுருளோ அரை ஸ்டாப் பிழையைக்கூடப் பொறுத்துக்கொள்ளாது. சாலையோரத்தில் வண்டியை நிறுத்தி, பின்னால் வரும் சரக்கு லாரிக்கு அஞ்சிக்கொண்டே எடுக்கும் படத்துக்கு இந்தப் பொறுமை மிகவும் தேவைப்படும். நீங்கள் ஒளிமானியை ஐஎஸ்ஓ 400-க்குப் பதில் 200 அல்லது 250-இல் வைத்துவிட்டு, டெவலப் செய்வதை வழக்கம்போலச் செய்யச் சொன்னால், நிழல்களுக்குத் தேவையான ஒளி தானாகவே சேர்ந்துவிடும்.

ஒரே வகைச் சுருள் என்று நான் வற்புறுத்துவதற்கு உண்மையான காரணம் வேறு. பயணம் முடிந்து படங்களை வரிசைப்படுத்தும்போது, கடற்கரையின் வானமும் பாலைநிலத்தின் வானமும் ஒரே வண்ணக் குணத்தோடு இருந்தால்தான் நிலம் மாறியது தெரியும். சுருளும் சேர்ந்து மாறிவிட்டால், எது நிலத்தின் மாற்றம், எது சுருளின் மாற்றம் என்று பிரித்தறிய முடியாமல் போகும்.

எண்ணிக்கையைப் பொறுத்தவரை, நாளுக்கு ஒரு 36 படச் சுருள் என்று கணக்கிட்டு, அதில் மூன்றில் ஒரு பங்கைக் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். நாள்தோறும் ஒரு சுருளை முடித்தே தீர வேண்டும் என்பது இதற்குப் பொருள் அன்று. நூறு கிலோமீட்டருக்கு ஒரு படமும் எடுக்கத் தோன்றாத நாள்களும் வரும், ஒரே சிற்றூரில் மூன்று சுருள் கரைந்துபோகும் நாள்களும் வரும். படச்சுருளில் எடுப்பவர்கள் சிக்கனமாக இருக்க வேண்டும் என்று பலர் ஓதுவார்கள். அதை முழுவதும் நம்பிவிடாதீர்கள். குக்கன்ஹைம் உதவித்தொகையைப் பெற்று 1955, 1956 ஆண்டுகளில் அமெரிக்காவைக் காரில் சுற்றிய ஒளிப்படக் கலைஞர் ராபர்ட் ஃபிராங்க், 767 சுருள்களில் ஏறத்தாழ 27,000 படங்களை எடுத்தார். அவற்றிலிருந்து அவருடைய நூலுக்குத் தேர்வானவை 83 மட்டுமே. அவ்வளவு எடுங்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் சிக்கனத்தை எடுக்கும்போது காட்டுவதைவிடத் தேர்ந்தெடுக்கும்போது காட்டுவது மேல் என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

---

சாம்பல் அட்டை

இருட்டறை அவர்கள் சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் ஆர்பி67 பற்றி அவர் ஒன்றும் சொல்லாமல் கடந்துவிட்டார். எனக்கு அதுதான் இக்கேள்வியின் மையமாகத் தோன்றுகிறது.

அதற்கான 120 சுருளில் (முதுகில் தாள் சேர்த்துச் சுற்றிய அகலமான சுருள்) 6×7 சென்டிமீட்டர் அளவில் பத்துப் படங்கள்தான் கிடைக்கும். அந்தக் கேமராவைக் கையில் பிடித்துக்கொண்டு திரிய முடியாது. முக்காலி வேண்டும், தனி ஒளிமானி வேண்டும், மேலிருந்து குனிந்து பார்க்கும்போது இடவலம் மாறித் தெரியும் காட்சிக்கும் பழக வேண்டும். இவற்றையெல்லாம் குறைகளாகச் சொல்லவில்லை. சாலைப் பயணப் படங்கள் சலிப்பூட்டுவதற்குப் பெரிய காரணம், அவற்றில் பெரும்பாலானவை வண்டியை நிறுத்த மனமில்லாதவர்களால் எடுக்கப்பட்டவை என்பதுதான். பெரிய கேமரா உங்களை நிறுத்தச் செய்யும், இறங்கச் செய்யும், பத்து நிமிடம் ஓரிடத்தில் நிற்கச் செய்யும். அந்தப் பத்து நிமிடத்தில் மேகம் நகரும், யாராவது வந்து என்ன செய்கிறீர்கள் என்று கேட்பார்கள். அவருடைய உருவப்படமே அன்றைய நாளின் சிறந்த படமாக அமைந்துவிடவும் கூடும்.

ஒளிப்படக் கலைஞர் ஸ்டீபன் ஷோர் 1972-இல் அமெரிக்காவின் குறுக்கே பயணம் செய்தபோது கையடக்கமான 35 மி.மீ. கேமராவில் எடுத்தார், உணவுத் தட்டுகள், விடுதிக் கட்டில்கள், தொலைக்காட்சிப் பெட்டிகள் என்று நாட்குறிப்பு எழுதுவதுபோல எடுத்தார். அடுத்த ஆண்டு முதல் ஒரு படத்துக்கு ஒரு பிலிம் தாள் போடும் பெரிய கேமராவுக்கு மாறினார். அதே விதமான சாலைகள், அதே விதமான ஊர்கள்; ஆனால் படங்களின் இயல்பு அடியோடு மாறிவிட்டது. நாற்சந்தியும் பெட்ரோல் நிலையமும் ஒவ்வோர் எழுத்தும் படிக்கத்தக்க தெளிவோடு அமைதியாக நின்றன. எது உயர்ந்தது என்பது கேள்வியே அன்று. இரண்டில் எந்தப் பயணத்தை நீங்கள் செய்ய விரும்புகிறீர்கள் என்பதைத்தான் முடிவு செய்ய வேண்டும். அதைவிட முக்கியமாக, வண்டியில் உடன் வருபவர் எதைப் பொறுத்துக்கொள்வார் என்பதையும் பார்க்க வேண்டும். நாளுக்கு ஒரே ஒரு முறை, நான் கேட்கும் இடத்தில், எவ்வளவு நேரமானாலும் முகம் சுளிக்காமல் நிறுத்த வேண்டும் என்று உங்கள் தங்கையிடம் புறப்படும் முன்பே ஒப்புதல் பெற்றுவிடுங்கள். கேமராவைத் தேர்வதைவிட இதுதான் பயன் தரும்.

ஆகவே இரண்டையும் எடுத்துச் செல்லுங்கள். எஃப்எம்2-வில் 28 மி.மீ. லென்சைப் போட்டுக் கழுத்தில் தொங்கவிடுங்கள். ஆர்பி67 பின்னிருக்கையில் பயணம் செய்யட்டும். அதற்கும் அதே ஐஎஸ்ஓ 400 சுருளையே 120 அளவில் வாங்கிக்கொண்டால், இருட்டறை சொல்லும் ஒருமையும் கெடாது.

ஒளியளவு பற்றி ஒரு சொல். பனி படிந்த கணவாய் வழியே செல்வதாக எழுதியிருக்கிறீர்கள். ஒளிமானி எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறமாகவே கருதும்; பனியை நோக்கிப் பிடித்தால் அதையும் சாம்பலாக்கிவிடும். ஆகவே அது காட்டும் அளவைவிட ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் வரை கூடுதலாகக் கொடுக்க வேண்டும். வெளிர் மணலுக்கு ஒரு ஸ்டாப் போதும். ஐயம் வந்தால், படமெடுக்கும் பொருளின் மேல் விழும் அதே ஒளி உங்கள் உள்ளங்கையிலும் விழுமாறு நீட்டி அளந்து, ஒரு ஸ்டாப் கூட்டிக்கொள்ளுங்கள்.

---

மைல்கல்

இருவருக்கும் நன்றி. தங்கையிடம் பேசிவிட்டேன், நாளுக்கு ஒரு நிறுத்தம் என்பதை ஏற்றுக்கொண்டாள், ஆனால் சாப்பாட்டு நேரத்தில் அது கூடாது என்பது அவளுடைய நிபந்தனை. ஆர்பி67 வருகிறது. வெப்பம் பற்றிய கேள்விக்கு யாரேனும் விளக்கம் தர இயலுமா? திரும்பி வருவது விமானத்தில் என்பதை முதலில் எழுத விட்டுப்போயிற்று. அதையும் கருத்தில் கொள்ளுங்கள்.

---

குளிர்பெட்டி

படச்சுருள்களை டெவலப் செய்யும் இடத்தில் பணிபுரிபவன் என்ற முறையில் எழுதுகிறேன். வெயிலில் வாடி வந்த சுருள்களை அடிக்கடி பார்க்கிறோம். வெளியே 35 பாகை வெப்பம் இருக்கும் நாளில், கண்ணாடிகளை ஏற்றி வெயிலில் நிறுத்திய காரின் உட்புறம் ஒரு மணி நேரத்துக்குள் 50 பாகையைத் தாண்டிவிடும். முன்பலகையின் மேற்பரப்பு அதைவிடவும் சூடாக இருக்கும். வண்ணச் சுருளில் நீலம், பச்சை, சிவப்பு ஒளிகளை உணரும் அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாக உள்ளன. வெப்பம் அவை மூன்றையும் ஒரே அளவில் கெடுப்பதில்லை என்பதுதான் சிக்கல். உணர்திறன் சிறிது குறைவதையும் அடிப்படை மூட்டம் (ஒளி படாத இடத்திலும் படியும் மங்கல்) ஏறுவதையும் ஓரளவு சமாளிக்கலாம். நிழல்களில் ஒரு நிறமும் ஒளிப்பகுதிகளில் வேறொரு நிறமும் ஏறிவிட்டால் ஸ்கேன் செய்யும்போது அதை முழுவதும் சரிசெய்ய இயலாது. படம் பதிந்து இன்னும் டெவலப் ஆகாத சுருள், புதிய சுருளைவிட அதிகக் கவனம் வேண்டுவது என்பதையும் நினைவில் வையுங்கள்.

இதற்காக அஞ்ச வேண்டியதில்லை. ஓடும் காரில் குளிரூட்டி இயங்கும்போது எந்த ஆபத்தும் இல்லை. நிறுத்தி வைத்த காரில்தான் ஆபத்து. சுவர் தடித்த சாதாரணக் குளிர்காப்புப் பெட்டி ஒன்றில் சுருள்களை வைத்து, வெயில் படாதவாறு இருக்கைக்குப் பின்னால் தரையில் வையுங்கள். இரவில் அறைக்கு எடுத்துச் சென்றுவிடுங்கள். பெட்டிக்குள் பனிக்கட்டி போடுவதை நான் விரும்புவதில்லை. உருகிய நீரும் ஈரமும் வெப்பத்தைவிட விரைவாகக் கெடுக்கும். போட்டே ஆக வேண்டுமென்றால், சுருள்களைக் காற்றுப் புகாத பைகளில் அடைத்து, பனிக்கட்டியையும் தனியே மூடி வைக்க வேண்டும். குளிர்ந்த சுருளை எடுத்ததும் உறையைப் பிரிக்காமல் ஒரு மணி நேரமாவது வெளியே வைத்திருங்கள். இல்லையேல் அதன்மேல் நீர் பூக்கும். கேமராவுக்குள் இருக்கும் சுருளும் சுருள்தான். பெட்டிக்கு அவ்வளவு காவல் வைத்துவிட்டுக் கேமராவை முன்பலகையில் வெயிலில் விட்டுப் போகிறவர்கள் ஏராளம்.

மணற்காற்று வீசும் இடத்தில் சுருள் மாற்ற நேர்ந்தால் வண்டிக்குள் அமர்ந்து மாற்றுங்கள். 35 மி.மீ. சுருளின் வாயிலுள்ள வெல்வெட் பட்டையில் ஒரு மணல் துகள் சிக்கினாலும் அது முதல் படத்திலிருந்து கடைசிப் படம் வரை நேர்கோடாகக் கீறிக்கொண்டே போகும். 120 சுருளை மாற்றும்போது நேர் வெயிலைத் தவிர்த்து, முடிந்ததும் தாளை இறுக்கமாகச் சுற்றி ஒட்டுங்கள். தளர்வாகச் சுற்றினால் ஓரங்களில் ஒளி புகுந்துவிடும்.

இனி விமானம். பதப்படுத்தாத சுருளை ஒருபோதும் சரக்கில் போடும் பெட்டியில் வைக்காதீர்கள். அப்பெட்டிகளைச் சோதிக்கும் கதிர்வீச்சு மிக வலிமையானது. கையில் கொண்டுசெல்லும் பைகளுக்கான பழைய எக்ஸ்ரே கருவிகள் ஐஎஸ்ஓ 400 சுருளை ஓரிரு முறை பெரிதாகப் பாதிப்பதில்லை. ஆனால் இப்போது பல விமான நிலையங்களில் பொருத்தப்பட்டுவரும் சிடி ஸ்கேன் கருவிகள் ஒரே முறையிலேயே மூட்டத்தை ஏற்றிவிடும். சுருள்களை ஒளிபுகும் பையில் தனியே போட்டு, கையால் சோதிக்கும்படி பணிவோடு கேட்கலாம். ஒப்புக்கொள்வது அவர்கள் விருப்பம். உங்களுக்கு அதைவிடப் பாதுகாப்பான வழி இருக்கிறது. பயணம் முடியும் நகரத்தில் ஓரிரு நாள் தங்கி, நம்பகமான லேபில் எல்லாவற்றையும் டெவலப் செய்துவிட்டுப் பறந்து வாருங்கள். டெவலப் ஆன நெகட்டிவை எந்த எக்ஸ்ரேயும் ஒன்றும் செய்யாது. வண்ண நெகட்டிவுக்கான சி-41 முறையில் டெவலப்பரின் வெப்பநிலை 37.8 பாகை, நேரம் மூன்றே கால் நிமிடம். எந்த ஊரிலும் இதுவே நியதி என்பதால் ஊர் மாறுவதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். ஸ்கேனை மட்டும் ஊருக்குத் திரும்பியபின் ஒரே இடத்தில் செய்யுங்கள், ஏனெனில் வண்ணம் வேறுபடுவது பெரும்பாலும் அங்கேதான்.

இரண்டு சிறு வழக்கங்களையும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு சுருளின் முதல் படமாக, சுருள் எண்ணையும் இடத்தையும் எழுதிய தாள் ஒன்றை எடுங்கள். உறைகள் கலந்துபோனாலும் நெகட்டிவே தன் வரிசையைச் சொல்லும். வழியில் வரும் முதல் பெரிய நகரத்தில் ஒரு சுருளை மட்டும் டெவலப் செய்து பாருங்கள். இந்தக் கேமராக்களின் பின்கதவில் ஒளி புகாமல் அடைக்கும் நுரைப்பட்டை காலப்போக்கில் பிசுபிசுத்து உதிர்வது இயல்பு. அது தெரிய வேண்டிய நேரம் பயணத்தின் தொடக்கம்தான்.

---

இடது சன்னல்

ஓடும் காரிலிருந்து எடுப்பது பற்றி யாரும் விடை தரவில்லை. படம் வரும், ஆனால் எல்லாம் தொலைவைப் பொறுத்தது. மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் கார் விநாடிக்கு 25 மீட்டர் நகர்கிறது. 1/1000 விநாடியில் இரண்டரை சென்டிமீட்டர். 50 மி.மீ. லென்சில், பக்கவாட்டில் 100 மீட்டர் தொலைவிலுள்ள மரத்தின் பிம்பம் அந்நேரத்தில் பிலிமின்மேல் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்குதான் நகரும், கண்ணுக்குத் தெரியாது. அதே வேகத்தில் 5 மீட்டர் தொலைவிலுள்ள சாலையோரக் கம்பத்தின் பிம்பமோ கால் மில்லிமீட்டர் நகர்ந்து இழுபட்டுவிடும். எஃப்எம்2-வின் உச்ச வேகமான 1/4000-உம் அதை முழுவதும் நிறுத்தாது. ஆகவே ஒன்று, அருகில் எதுவும் இல்லாத திறந்தவெளியில் 1/1000, எஃப் 11 என்று வைத்து எடுங்கள். அல்லது முன்புறம் கரைந்தோடுவதையே படமாக்க எண்ணி 1/60-க்கு இறங்குங்கள். இடைப்பட்ட 1/250-தான் இரண்டுங்கெட்டான். ஆர்பி67-இன் ஷட்டர் 1/400-க்கு மேல் போகாது. வண்டி நிற்கும்வரை அதை எடுக்கவே வேண்டாம்.

கூடுமானவரை கண்ணாடியை இறக்கிவிட்டு எடுங்கள். ஏற்றிய கண்ணாடி வழியே எடுப்பதானால், லென்சின் முன்னுள்ள ரப்பர் ஹூடைக் (வெளி ஒளியை மறைக்கும் வளையத்தை) கண்ணாடிக்கு மிக அருகில் கொண்டுபோங்கள், ஆனால் தொடாதீர்கள். தொட்டால் வண்டியின் அதிர்வு நேரே லென்சுக்கு ஏறும். பிரதிபலிப்பைக் குறைக்கும் போலரைசர் வடிகட்டியைக் கழற்றிவிடுங்கள், அது ஒன்றரை ஸ்டாப்புக்கும் மேல் ஒளியைத் தின்பதோடு, பக்கக் கண்ணாடியில் நாம் வெறுங்கண்ணால் காணாத புள்ளிக் கோலங்களையும் வெளிக்கொண்டுவரும். முன்கண்ணாடி வழியே எடுக்கும்போது முன்பலகையின் பிரதிபலிப்பு தொல்லை தரும். அதன்மேல் கறுப்புத் துணி விரித்தால் குறையும். ஓட்டும் முறை உங்களுடையதாக இருக்கும்போது கேமரா பின்னிருக்கையில் இருக்கட்டும்.

என் அனுபவத்தில் இவ்வாறு எடுத்த படங்கள் தனித்து நிற்பது அரிது. நிறுத்தி எடுத்த இரண்டு படங்களுக்கு நடுவே வைத்தால், இடையிலுள்ள தொலைவை உணர்த்துவதற்கு அவை உதவும்.

---

மைல்கல்

மிகுந்த நன்றி. இன்னும் ஒரே ஒரு கேள்வி. இரவில் பெட்ரோல் நிலையங்களையும் விடுதிகளின் விளக்குப் பலகைகளையும் முக்காலியில் வைத்து எடுக்க ஆசை. எஃப்எம்2-வின் ஒளிமானி ஒரு விநாடிக்கு மேல் காட்டுவதில்லை. அதே ஐஎஸ்ஓ 400 வண்ணச் சுருள் போதுமா, அல்லது இதற்காக மட்டும் கறுப்பு-வெள்ளைச் சுருள் சில வாங்கட்டுமா?

---

சாம்பல் அட்டை

அளப்பது எளிது. துளையை முழுவதும் திறந்து அளந்துவிட்டு, பிறகு மூடிய ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் நேரத்தை இரட்டிப்பாக்குங்கள். எஃப் 2-இல் அரை விநாடி என்றால் எஃப் 8-இல் எட்டு விநாடி. ஆனால் நீண்ட நேரத் திறப்பில் பிலிமின் உணர்திறன் தளர்ந்துவிடும். கணக்கில் வரும் நேரம் போதாது. கறுப்பு-வெள்ளையில் இந்தத் தளர்ச்சி சுருளுக்குச் சுருள் வேறுபடும். பத்து விநாடி என்று கணக்கு வந்தால், இல்ஃபோர்டு எச்பி5 பிளஸ்ஸுக்கு ஏறத்தாழ இருபது விநாடியும், கோடாக் டிரை-எக்ஸுக்கு ஐம்பது விநாடியும் கொடுக்க வேண்டும். அதனால் கறுப்பு-வெள்ளை வாங்குவதானால் எச்பி5 பிளஸ் வசதியானது.

ஆயினும் வண்ணத்திலேயே எடுங்கள் என்பேன். பகலொளிக்குச் சமன்செய்யப்பட்ட சுருளில் குண்டு விளக்குகள் ஆரஞ்சு நிறமாகத்தான் விழும். அந்த ஒளியில் நீலம் குறைவு என்பதால் நீல அடுக்குக்குப் போதிய ஒளி கிடைக்காது. ஆகவே கணக்கிட்ட நேரத்தைவிட ஒரு ஸ்டாப் கூடுதலாக ஒரு படமும், இரண்டு ஸ்டாப் கூடுதலாக ஒரு படமும் எடுத்துவிடுங்கள். இரண்டில் ஒன்று தேறும். விளக்குப் பலகையின் எழுத்துகள் வெளுத்துப்போகாமல் இருக்க வேண்டுமென்றால், வானம் முழுவதும் கறுக்கும்வரை காத்திருக்காமல், கதிரவன் மறைந்து இருபது முப்பது நிமிடத்துக்குள் எடுப்பது நல்லது. அப்போது வானத்தின் ஒளியும் பலகையின் ஒளியும் ஏறத்தாழச் சமமாக இருக்கும், நேரமும் ஓரிரு விநாடிக்குள் அடங்கிவிடும். ஷட்டரை இயக்கும், திருகுப் பூட்டு உள்ள கேபிள் ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். எஃப்எம்2-வின் ஷட்டர் முழுவதும் இயந்திரத்தால் இயங்குவது என்பதால், பி அமைப்பில் (பொத்தானை அழுத்தியிருக்கும்வரை ஷட்டர் திறந்திருக்கும்) எவ்வளவு நேரம் திறந்து வைத்தாலும் பேட்டரி தீராது. ஒளிமானிக்கு மட்டும் எல்ஆர்44 பொத்தான் பேட்டரி இரண்டு தேவை. கூடுதலாக இரண்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.